டிவிக்கு ஒரு 12 வோல்ட் பாயிண்ட்

அன்புத் தம்பிக்கு,

உன் கேம்பர் வேனின் போட்டோ பார்த்தேன். பழசு என்றாலும் நன்றாக வைத்திருந்திருக்கிறார்கள். அலமாரிப் பக்கம் டிவி மாட்ட இடம் இருக்கிறது, பாயிண்ட்தான் இல்லை என்று எழுதியிருந்தாய். போன வருஷம் இதே வேலையை நாங்கள் இரண்டு தரம் செய்தோம்.

முதல் தரம் உன் அத்தான் யோசனை. "எதுக்கு பேட்டரியிலிருந்து அவ்வளவு தூரம் ஒயர் இழுக்கணும், தலைமாட்டு லைட்டுக்குப் போற ஒயர்லயே எடுத்துக்கலாம்" என்றார். இருபது நிமிஷத்தில் முடித்தும் விட்டார். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் இருந்தோம், அன்றைக்கு விடாத மழை. அவர் ஒரு துப்பறியும் படம் போட்டார், நான் அரிசி களையக் குழாயைத் திறந்தேன். பம்ப் 'கர்ர்' என்றது, டிவி அணைந்தது. குழாயை மூடினால் மறுபடி முதலிலிருந்து லோகோ வருகிறது. மூன்று தண்ணி களைவதற்குள் டிவி மூன்று தரம் செத்துப் பிழைத்தது. கொலைகாரன் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த லைட்டும் தண்ணீர் பம்பும் ஒரே மெல்லிய லைனில் இருந்திருக்கின்றன. பம்ப் நான்கைந்து ஆம்பியர் இழுக்கும், அந்த ஒயரிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தாலே டிவி அணைந்துவிடலாம். வீட்டு 230 வோல்ட்டில் அது தெரியவே தெரியாது.

அதனால் இரண்டாம் தரம் நாங்கள் செய்தது போல, லைட்டும் பம்பும் ஓடும் பேட்டரியிலிருந்து நேரே டிவிக்கென்று தனி லைன் இழு. என்ஜின் பேட்டரியைத் தொடாதே, காலையில் வண்டி கிளம்பாது. கணக்கு சொல்கிறேன்: 24 வாட் டிவி 2 ஆம்பியர் எடுக்கும். ஐந்து மீட்டர் தூரம் என்றால் போக வர பத்து மீட்டர் ஒயர். 0.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். 2.5 ஸ்கொயர் போட்டால் 0.14தான். ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்துவிடு. டிவி பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது இருந்தும் பிரயோஜனமில்லை.

இன்வெர்ட்டர் வாங்குகிறேன் என்கிறாய். பேட்டரியின் 12ஐ 230 ஆக்கி, டிவி அடாப்டர் அதைத் திரும்ப 12 ஆக்குவது, தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றிக் கீழே வந்து பிடித்துக் குடிப்பது மாதிரி. ஆனால் டிவியின் பின்னால் ஒட்டியிருப்பதை முதலில் படி. 19 வோல்ட் என்றிருந்தால் இந்தக் கதையே வேறு. 12 என்றிருந்தாலும், சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வரை போகும். வண்டிக்கென்றே விற்கும் டிவி அதைத் தாங்கும். வீட்டு டிவி என்றால் நடுவில் ஒரு 12 வோல்ட் டிசி ஸ்டெபிலைசர் போட்டுக்கொள்.

சிகரெட் லைட்டர் மாடல் சாக்கெட் வேண்டாம், வண்டி குலுங்கக் குலுங்க பிளக் தானே கழன்று வரும். இறுக்கமாகப் பிடிக்கும் சின்ன 12 மில்லிமீட்டர் சாக்கெட் கிடைக்கிறது, அதை வாங்கு.

ஓட்டை போடுமுன் பலகைக்குப் பின்னால் என்ன போகிறது என்று டார்ச் அடித்துப் பார். எங்கள் வண்டியில் நான் குறி வைத்த இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி கேஸ் குழாய் போனது. அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது. டிரில் பிட்டில் பலகை கனத்துக்கு டேப் சுற்றிக்கொண்டால் அதற்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி பக்கம் ஃப்யூஸைக் கடைசியில் மாட்டு. மாட்டியதும் டிவியைச் சொருகிவிடாதே, மீட்டர் வைத்து பிளக்கின் நடு முனைதான் பாசிட்டிவா என்று பார். நடு முனை எது என்று காட்டும் படம் டிவி பின்னாலும் போட்டிருக்கும். ஒயர் கலரை நம்பாதே, முன்னால் வைத்திருந்தவன் எதை எதில் மாட்டினானோ.

எங்களிடம் மிச்சமிருந்த எட்டு மீட்டர் 2.5 ஒயரையும் மல்டிமீட்டரையும் பார்சலில் அனுப்புகிறேன். ஒயரை வைத்துக்கொள். மீட்டரை வரும்போது மறக்காமல் கொண்டு வா, அனுப்பியது உன் அத்தானுக்குத் தெரியாது.

அன்புடன்,
அக்கா