573 டிகிரி

எங்க அப்பா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கிறார். ஒருமுறை கொலு பொம்மை ஆர்டர் அவசரத்தில், நெருப்பு அணைந்த கையோடு சூளைக் கதவைத் திறந்துவிட்டார். பாதிக்கு மேல் விரிசல். வட்டிக்கு வாங்கிய பணம் போச்சு. "நேரம் சரியில்லடா" என்றார்.

நண்பர்களே, டிப்ளமோ வகுப்பில்தான் எனக்கு விளங்கியது. ஆறும்போது 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்தால் பீங்கான் விரியும். நேரம் அல்ல, அவசரம்! இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? படிச்ச திமிர் என்பாரோ? ஓர் இரவு சொல்லிவிட்டேன். பதிலே இல்லை.

அடுத்த சூளையில் பாதிச் சரக்குதான் அடுக்கினார், போனாலும் பாதியோடு போகட்டும் என்று. இரண்டு நாள் திறக்கவில்லை. வியாபாரி வந்து கத்தினார். அப்பா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஆறே பொம்மைதான் விரிந்திருந்தது.