ரஷ்ய மொழிக்குத் தமிழ்வழி

'எனக்குக் குளிருது' என்று சொல்கிற பிள்ளைக்கு ரஷ்ய இலக்கணத்தின் ஒரு பெரும் பகுதி பிறப்பிலேயே தெரியும். ரஷ்யர் 'ம்னே ஹோலத்ன' என்பர். 'ம்னே' என்றால் 'எனக்கு'. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதும் அவர்களிடம் ஏறக்குறைய அதே அமைப்புத்தான். 'அவர் பொறியியலாளர்' என்று சொல்ல இடையில் ஒரு வினைச்சொல் அவர்களுக்கும் வேண்டாம். வேற்றுமை தமிழில் எட்டு, ரஷ்யத்தில் ஆறு. 'பாட்டு', 'காசு' என்று முடியும் நம் குற்றியலுகரம், ஐரோப்பிய மாணவர் பலரைத் திணறவைக்கும் 'ы' என்ற உயிரொலிக்கு மிக அருகில் நிற்கிறது.

இத்தனை இருந்தும் கொழும்புத் தமிழ் மாணவர் ரஷ்யத்தை ஆங்கிலத்தின் வழியாகவே அணுகுகிறார். கையில் கிடைக்கும் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கில விளக்கத்தோடு வருபவை. 'எனக்கு' என்பதை முதலில் 'நான்' ஆக்கி, பிறகு அந்த 'நானை' மறுபடி 'எனக்கு' ஆக்கும் வீண்வேலை அங்கே தொடங்குகிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் படித்தாலும், கொழும்பு 7இல் உள்ள ரஷ்ய நிலையத்தின் வகுப்புக்குப் போனாலும், இந்தச் சுற்றுவழியை விட்டவர்தான் விரைவில் வாய் திறந்து பேசுகிறார்.

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழுக்குப் 'போ' ஒன்றே போதும். ரஷ்யத்தில் நடந்து போவது 'இத்தி', வாகனத்தில் போவது 'யேகத்'. வெள்ளவத்தையில் பஸ் ஏறி இப்போது களனிக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு ஒரு வினை. நாள்தோறும் போய்வருபவருக்கு இன்னொன்று, 'யேஸ்தித்'. போகிற வழியில் காலி வீதியில் இறங்கி, புத்தகக் கடைக்குள் ஒருதரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போவதற்கு முன்னொட்டுச் சேர்ந்த வேறொரு வினை. அட்டவணையை மனப்பாடம் செய்வதால் இது வசப்படாது. கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து வகுப்பறைக் கதிரையில் அமரும்வரை தன் பயணத்தைத் தினமும் ரஷ்யத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுபவருக்குச் சில மாதங்களில் காது திருந்திவிடும். இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

'வாசித்தேன்', 'வாசித்து முடித்தேன்' என்ற வேறுபாட்டை ரஷ்ய வினை ஒவ்வொன்றும் கேட்கும். அதற்கு நம் துணைவினைகள் ஓரளவு கைகொடுக்கும், முழுதாக அல்ல.

இலக்கியத்துக்கு வந்தால் தமிழ் வாசகருக்கு ரஷ்யா அந்நிய நாடே அல்ல. கார்க்கியின் 'தாய்' நாவலைத் தொ. மு. சி. ரகுநாதனின் தமிழில் வாசித்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. ஆனால் அது ஆங்கிலம் வழியே வந்த தமிழ். ரஷ்யத்திலிருந்து நேரே தந்தவர்களில் முக்கியமானவர் பூ. சோமசுந்தரம். பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை' அவர் கைவண்ணம். மாஸ்கோவில் அவரிடம் தமிழ் படித்த அலெக்சாண்டர் துபியான்ஸ்கி, சங்க இலக்கிய அறிஞராகி, 2020இல் மறையும்வரை தமிழுக்கே உழைத்தார். மாஸ்கோவில் தமிழ் படித்தவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனை அடைக்க இங்கே ரஷ்யம் படித்தவர் வேண்டும்.

அப்படிப் படித்தவருக்குரிய பிரதி அருகிலேயே காத்திருக்கிறது. சகாலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் 1890 நவம்பரில் அன்டன் செகாவ் கொழும்பில் கரையிறங்கினார். ரயிலில் கண்டிக்கும் போனார். ஊருக்குக் கொண்டுபோகக் கீரிகளும் வாங்கினார். கப்பலில் செத்துக் கடலில் போடப்படும் ஒரு சிப்பாயைப் பற்றிய 'கூசெவ்' என்ற அவரது கதை அந்த டிசம்பரில் வெளியானபோது அடியில் கொழும்பின் பெயரே இருந்தது. அதில் கூசெவ் நாட்டுப்புறத்தான் போலப் பேசுகிறான். உடன் பயணிக்கும் பாவெல் இவானிச் படித்தவன் போல முழங்குகிறான். ஆங்கிலத்தில் இந்த இடைவெளி மங்கிவிடுகிறது. பேச்சுக்கு ஒன்றும் மேடைக்கு ஒன்றுமாக இரண்டு நடை வைத்திருக்கும் தமிழ் அதை உயிரோடு தாங்கும். 1911இல் இலங்கை வந்த இவான் பூனின், இந்நகரத்து ரிக்‌ஷாக்காரன் ஒருவனை வைத்து 1914இல் 'சகோதரர்கள்' எழுதினார். 1933இல் நோபல் பரிசு பெற்ற அவரிடம் நம் தெருக்களின் வெயிலும் வலியும் ரஷ்ய மொழியில் பதிந்திருக்கின்றன. இந்தக் கதைகளை இங்கிருக்கும் ஒருவர் மூலத்திலிருந்து தமிழாக்கினால், அது வெறும் பரீட்சைப் பயிற்சியாக நிற்காது.

க.பொ.த. உயர்தரத்திலும் ரஷ்ய மொழி ஒரு பாடமாக இருக்கிறது. மருத்துவமோ பொறியியலோ படிக்க ரஷ்யா போகிறவர்கள் அங்கே ஒரு வருடம் மொழி படிப்பதும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: முதல் நாளிலிருந்தே இலக்கணக் கொப்பியைத் தமிழில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கு அதைக் கொடுங்கள். தமிழ் வழியே ரஷ்யம் கற்பிக்கும் ஒரு நல்ல கைநூல் அந்தக் கொப்பிகளிலிருந்துதான் உருவாக வேண்டும்.