லைட்ட அமத்துங்க

ராஜபாளையத்தில் ராத்திரி பஸ் ஏறினால் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டைத்தான் பிடிப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எட்டிப்பிடிக்கிற தூரம்தான். தூங்க நேரமிருக்காது, மீட்டர்களின் மங்கல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஒரு தரம் பின் சீட்டுக்காரர் செல்போனில் படம் பார்த்தபடி வந்தார். டிரைவர் திரும்பாமலே, “அண்ணாச்சி, அந்த லைட்ட அமத்துங்க, ரோடு தெரியல” என்றார். ரோட்டில் இத்தனை பெரிய ஹெட்லைட் அடிக்கும்போது உள்ளங்கையளவு வெளிச்சம் என்ன செய்துவிடும் என்று பின் சீட்டுக்காரர் முனகினார். நிமிர்ந்து பார்த்தேன். முன்கண்ணாடியில் அவர் முகம் நீலமாக மிதந்தது. அதற்குப் பின்னால் எங்கோ ரோடு.

விமானிகளுக்கும் இதே பாடுதான். கண் இருட்டுக்குப் பழக 30 நிமிடம் ஆகும். கெடுக்க ஒரு வெளிச்சம் போதும். மங்கலில் உதவும் குச்சி செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது என்பதால், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மீட்டர்களுக்குச் சிவப்பு விளக்குப் போட்டார்கள். வரைபடத்தை விரித்தால் சிவப்பு மையில் போட்ட கோடுகளைக் காணோம்! அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்பு, மையும் சிவப்பு. பின்னாளில் பலரும் மங்கிய வெள்ளைக்கே திரும்பினார்கள்.

அதற்கும் முன்னால் ரேடியம். முள்ளிலும் எண்ணிலும் பூசிவிட்டால் தானாக ஒளிரும். 1920களில் நியூஜெர்சியில் அதைப் பூசிய பெண்கள் பலர், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியே தாடை எலும்பு உளுத்துச் செத்தார்கள். நம்மூரில் வண்டிக்குப் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கருக்கு எந்தப் புண்ணியவான் ‘ரேடியம்’ என்று பெயர் வைத்தானோ! அதில் ரேடியம் துளியும் கிடையாது. பின்னால் வருகிறவனின் வெளிச்சத்தை அவனுக்கே திருப்பித் தரும், அவ்வளவுதான். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போன லாரியிலும் ரேடியத்தில் வெட்டிய ஆண்டாள், கையில் கிளியோடு.

ஆச்சி என்னை முதன்முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி சன்னிதிக்குக் கூட்டிப்போனது நல்ல வெயில் வேளை. 192 அடிக் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனேன். பெருமாளைக் காணோம். இருட்டும் எண்ணெய் வாசமும்தான். நான் அழப்போவதைப் பார்த்து ஆச்சி, “கண்ண மூடிட்டுக் கொஞ்சம் நில்லு. அவரு எங்கயும் ஓடிற மாட்டாரு, படுத்துத்தான இருக்காரு” என்றாள். கண்ணைத் திறந்தபோது விளக்குப் பக்கம் ஏதோ மினுங்கியது. பிறகு ஒரு பாதம். அப்புறம் அவர் நீண்டுகொண்டே போனார்.

போன் அணைந்தது. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியதும் எல்லா லைட்டையும் ஒருசேரப் போட்டுவிட்டார்; கண்ணைச் சுருக்கிக்கொண்டு செருப்பைத் தேடினோம்.