அடுத்த வீட்டுக்காரருக்கு எழுதுவது

அம்மாடி, இதழியல் படித்து முடித்த கையோடு, பேட்டை அளவில் வாராவாரம் வரும் பத்திரிகை ஒன்றில் வேலை கிடைத்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயாம். உன் அம்மா சொன்னாள். டில்லி, டிவி என்று கனவு கண்டவளுக்குக் குடிநீர்க் குழாய் உடைந்த செய்தி கசக்கத்தான் செய்யும். ஹென்றி பீட்டில் ஹஃப் என்று ஒருவர் இருந்தார். அவர் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே மார்த்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு. அங்கே எட்கர்டவுன், திமிங்கில வேட்டைத் துறைமுகமாகக் கொடிகட்டிப் பறந்த காலம். 1846 மே மாதம் எட்கர் மார்ச்சன்ட் என்பவர் 'வின்யார்ட் கெஸட்' என்ற வார இதழைத் தொடங்கினார். வேட்டைக்குப் போன கப்பல் திரும்ப மூன்று நான்கு வருஷம்கூட ஆகும். புருஷன் எந்தக் கடலில் இருக்கிறான், இருக்கிறானா என்றே தெரியாத வீடுகளில் கப்பல் செய்தியை எப்படித் தேடியிருப்பார்கள்! பிறகு மண்ணெண்ணெய் வந்தது, திமிங்கில எண்ணெய்க்கு மவுசு போனது, துறைமுகம் படுத்தது. பத்திரிகை மட்டும் படுக்கவில்லை.

ஹஃப், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, 1918-ல், மின்னா லெவின்சன் என்ற சக மாணவியுடன் சேர்ந்து புலிட்சர் பரிசு வாங்கியவர். வயது 21. அந்தப் பரிசோடு எந்தப் பெரிய பத்திரிகையின் வாசலையும் தட்டியிருக்கலாம். 1920-ல் எலிசபெத்தைக் கல்யாணம் செய்தபோது ஹஃபின் அப்பா கொடுத்த சீர் இந்த கெஸட். தம்பதி இருவருமே அதன் ஆசிரியர்கள். ஹஃபைப் புகழும் பலர் எலிசபெத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. 1965-ல் அந்த அம்மாள் இறக்கும்வரை பத்திரிகையின் பாதி பாரம் அவர் தோளில்தான் இருந்தது.

அந்தத் தீவில் ஹீத் ஹென் என்று ஒரு காட்டுக்கோழி. ஒரு காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரை நெடுக இருந்ததை மனிதர்கள் சுட்டுத் தின்றே தீர்த்தார்கள். கடைசியில் இந்தத் தீவில் மட்டும் மிஞ்சியது. 1908-ல் காப்பகம் அமைத்தார்கள், எண்ணிக்கையும் ஏறியது. 1916-ல் ஒரு காட்டுத்தீ வந்து அவற்றில் பெரும்பகுதியை அழித்தது. அதன்பின் அந்த இனம் தேறவே இல்லை. இறுதியில் ஒற்றைச் சேவல். 1932 மார்ச்சுக்குப் பிறகு அதையும் யாரும் பார்க்கவில்லை. மறுவருஷம் கெஸட் அந்தப் பறவைக்காகத் தனி இதழே போட்டது, ஊர்ப் பெரியவர் ஒருவர் போனால் எழுதுவதைப்போல. தலைநகரத்துப் பத்திரிகைக்கு அது ஒரு துணுக்கு. தீவுக்காரர்களுக்கோ தங்கள் வீட்டுச் சாவு.

நான் உனக்குச் சொல்ல வந்தது பறவையைப் பற்றி அல்ல. டில்லியிலிருந்து அமைச்சரைத் திட்டி எழுதுவது சுலபம்; அவர் உன் தெருவில் காய்கறி வாங்க வரமாட்டார். பேட்டைப் பத்திரிகையில் கவுன்சிலரைப் பற்றி எழுதினால் மறுநாள் கோயில் வாசலில் எதிரே வருவார். பள்ளிக்கூடத்துச் சுவர் இடிந்ததை எழுதினால் தலைமையாசிரியை உன் சித்தியின் தோழியாக இருப்பார். எழுதாமல் விட்டால் கோழைத்தனம், கூட்டி எழுதினால் துரோகம். முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதை மட்டும், ஆனால் அதை முழுசாக எழுதுவது கடினமான வித்தை. செல்போனில் யாரென்று தெரியாத ஆளை நாலு வார்த்தை ஏசிவிட்டுத் தூங்கப் போகிற உங்கள் காலத்தில் அது இன்னும் கடினம்.

ஹஃப் ஜெயித்தார் என்று கதை கட்டமாட்டேன். தீவின் நிலம் கட்டடமாகிவிடாமல் காக்க அவரும் எலிசபெத்தும் 1959-ல் ஒரு அறக்கட்டளையே தொடங்கினார்கள். அப்படியும் அந்தத் தீவு இன்று கோடீஸ்வரர்களின் கோடை வாசஸ்தலம். சாதாரணக் குடும்பம் அங்கே வீடு வாங்கத் திணறுகிறது.

1968-ல் கெஸட்டை வாங்க வந்தவர் யார் தெரியுமா? நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன். நீ போக ஆசைப்படுகிற மலையின் உச்சியில் நின்றவர். விற்ற பிறகும் ஹஃப் எழுதிக்கொண்டுதான் இருந்தார். 1985-ல் காலமானபோது வயது 88. பத்திரிகை இன்றும் வருகிறது.

திங்கட்கிழமை போய் வேலையில் சேர். கண்ணீர் அஞ்சலி எழுதச் சொன்னால் சலித்துக்கொள்ளாதே. இறந்தவரின் இனிஷியலை வீட்டாரிடம் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்.