லாரியில் ஏறாத கணினி

தெலுக் பங்லிமா காராங் குடியிருப்புகளில் பழைய சாமான் வாங்கும் லாரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே வரும். பழைய நாளிதழோடும் துருப்பிடித்த இரும்போடும், மூலையில் கிடந்த கணினியும் அதில் ஏறிவிடுகிறது. ‘இனி எதற்கு உதவும்?’ என்பதே வீட்டாரின் கேள்வி.

அமிகா கணினி வைத்திருந்த சிலர் அதற்கு வேறு விடை கண்டனர். அமிகா, கொமடோர் நிறுவனம் 1985இல் அறிமுகப்படுத்திய வீட்டுக் கணினி. 1994இல் அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. ஆனால், லினுஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆர்வலர்கள் அதனை அமிகாவுக்கேற்ப மாற்றியமைத்தனர். எல்லா அமிகாவிலும் அது ஓடிவிடாது. நினைவகத்தை மேலாளும் வசதியுள்ள 68030 போன்ற செயலி தேவை. வலையமைப்பு அட்டையைச் செருகி, அதற்குரிய இயக்கி நிரலையும் சேர்த்தால் பழைய கணினி இணையத்தில் இணையும். எக்ஸ்-சர்ஃப் 100 எனும் அட்டைக்கான இயக்கி லினக்ஸில் சேர்ந்தது 2018இல்தான். கொமடோர் நொடித்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு!

வேகம்தான் காலை வாரியது. லினக்ஸை வழங்கும் டெபியன் குழு 1998இல் இவ்வகைக் கணினிகளுக்கும் பதிப்பு வெளியிட்டது. மென்பொருள்கள் பெருத்துக்கொண்டே போயின. மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதற்குள் பழைய செயலிகள் திணறின. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றுக்கு இடமில்லை. வருத்தம்தான், ஆயினும், தன்னார்வலர்கள் கைவிடவில்லை. பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளைப் புதிய கணினியில் இயக்கி, அந்த மாற்று வேலையை அங்கேயே முடித்தனர். தாத்தாவின் மூட்டையைப் பேரன் சுமந்தது போலத்தான். ஆயத்தமான மென்பொருளை வலையமைப்பு அட்டை வழியாகப் பெற்று இயக்குவதே அமிகாவின் வேலையாயிற்று.