பதினொன்றே கால் மணி

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு செயலமர்வுக்காகப் போலந்தின் தலைநகர் வார்சோவுக்குச் சென்றிருந்தேன். ஓய்வுநாள் ஒன்றில், விஸ்துலா ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் அரச கோட்டையைப் பார்க்கப் போனோம். இளஞ்சிவப்புச் சுவர்கள், மணிக்கூட்டுக் கோபுரம், எல்லாமே நேற்றுப் பூசியது போலத் துப்புரவாக இருந்தன. பழைய கோட்டை என்றார்களே என்று எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

வரலாற்றைக் கேட்டபின்தான் விளங்கியது. 14ஆம் நூற்றாண்டில் மசோவியப் பிரபுக்கள் இங்கே ஒரு பெருங்கோபுரம் எழுப்பினார்கள். மூன்றாம் சிகிஸ்மண்ட் மன்னர் 1598 தொடக்கம் 1619 வரை அதை ஐங்கோண மாளிகையாகப் பெருப்பித்தார். 1650களில் சுவீடன் படைகள் சூறையாடின. மறுபடி திருத்தினார்கள். ஆற்றைப் பார்த்திருக்கும் முகப்பு 1740களில் வந்தது.

1939 செப்டெம்பர் 17ஆம் திகதி ஜேர்மன் எறிகணைகள் விழுந்து கூரை எரிந்தது. கோபுர மணிக்கூடு 11.15க்கு நின்றுபோனது. பின்னர் நாசிகள் வெடிமருந்து வைப்பதற்கென்றே சுவர்களில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டார்கள். அந்த நாட்களில் நூதனசாலைப் பணிப்பாளர் ஸ்தனிஸ்வாவ் லோரென்ட்ஸும் ஊழியர்களும் ஓவியம், கதவு, சிற்பத் துண்டு என்று அகப்பட்டதையெல்லாம் கழற்றிக் கொண்டுபோய் ஒளித்தார்கள். உயிருக்கு ஆபத்தான வேலை. கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த வன்னிப் பெண்கள் என் கண்முன் வந்தார்கள். வீடே போகப்போகிறது, இந்த நிலை எதற்கு என்று அன்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

1944 செப்டெம்பரில், வார்சோ கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். யன்னலோடு ஒரு சுவர்த்துண்டு நின்றது. மற்றதெல்லாம் கற்குவியல்.

யுத்தம் முடிந்தும் கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. மீளக் கட்டுவதென 1971 ஜனவரியில்தான் அரசு முடிவெடுத்தது. செலவுக்குப் பொதுமக்கள் கொடுத்தார்கள். வெளிநாடுகளில் வாழ்ந்த போலந்துக்காரரும் அனுப்பினார்கள். காசு இல்லாதவர்கள் வந்து கல் அகற்றினார்கள். ஒளித்து வைத்திருந்த துண்டுகளை எடுத்து, முன்பிருந்த இடங்களிலேயே பதித்தார்கள்.

இது வெறும் பிரதிதானே என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். நான் அவரோடு வாதாடினேன். எந்தக் கல் எங்கே இருந்தது என்று முப்பது வருடம் நினைவில் வைத்திருந்தவர்கள் கட்டியதை எப்படிப் பிரதி என்பது?

1974 ஜூலை 19ஆம் திகதி, சரியாக 11.15க்கு, கோபுர மணிக்கூட்டை மறுபடி ஓடவிட்டார்கள். அறைகளைச் செய்துமுடித்துப் பொதுமக்களை உள்ளே விட இன்னும் பத்து வருடம் சென்றது.