தைத்த வயிறு

மனித உடம்பில் எலும்பின் காவல் குறைந்த பகுதி வயிறு. மூளைக்கு மண்டையோடு உண்டு. நெஞ்சுக்கு விலா எலும்புகள் உண்டு. குடலுக்கு முன்னால் தசையும் தசைநாருமே சுவர். அச்சுவரை ஒருமுறை பிளந்துவிட்டால், எத்துணைத் திறமையாகத் தைத்தாலும் தழும்பு பழைய வலிமையை முழுமையாக எய்துவதில்லை. இருமும்போதும் முக்கும்போதும் உள்ளே எழும் அழுத்தம் அந்த நலிந்த இடத்தைத் தள்ளித் தள்ளி வழி காண்கிறது. அவ்வழியே குடல் பிதுங்குவதைக் குடலிறக்கம் என்பர். தழும்பின்மேல் தோன்றும் புடைப்புக்கு 'இறக்கம்' என்னும் சொல் அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆயினும் வழங்கிவிட்ட சொல்லை யார் மாற்றுவது?

பால்மரம் சீவியே வாழ்நாளைக் கழித்த தோட்டத் தொழிலாளி ஒருவர். குடல்வால் வெடித்த இரவில் நடுவயிற்றைக் கீறித்தான் மருத்துவர்கள் அவர் உயிரைக் காத்தனர். இரண்டாம் ஆண்டில் தழும்பின்மேல் எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு. தைத்தார்கள், திரும்பியது. வலை வைத்துத் தைத்தார்கள். சில ஆண்டுகளுக்குப்பின் வலையின் ஓரத்தில் மீண்டும் தலைகாட்டியது. இப்போது அது மாங்காய் அளவு.

"சொன்ன பேச்சைக் கேட்காமல் பாரம் தூக்கியிருப்பார்" என்று உறவினர் பேசிக்கொண்டனர். நோயினும் கொடியது இப்பேச்சு. நெதர்லாந்து மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வெறும் தையல் போட்டவர்களுள் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 43 பேருக்கும், வலை வைத்தவர்களுள் 24 பேருக்கும் புடைப்பு திரும்பியது. பத்தாண்டு கழித்துக் கணக்கிட்டபோது அது முறையே 63, 32 என உயர்ந்தது. தேர்ந்த கைகள் செய்த சிகிச்சையிலேயே இந்நிலை என்றால், நோயாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வகையில் நியாயம்? அமெரிக்க மருத்துவர் பிரான்சிஸ் அஷர் அறிமுகப்படுத்திய பாலிபுரோப்பிலீன் வலை பலருக்கு நல்வாழ்வு தந்தது உண்மை. ஆனால் ஒவ்வோர் அறுவையும் உள்ளே புதிய தழும்பை விட்டுச் செல்கிறது. குடல் அதில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த அறுவை முன்னதினும் கடினமாகிறது.

ஆகவே அவர் வாழக் கற்றுக்கொண்டார். காலையில் படுத்த நிலையிலேயே புடைப்பை உள்ளே தள்ளி வயிற்றுப் பட்டையைக் கட்டுவார். பட்டை தாங்குமே அன்றிக் குணப்படுத்தாது. இந்நாட்டு வெயிலில் அதனடியே வியர்வையும் அரிப்பும் வேறு. எழும்போது ஒருக்களித்துத் திரும்பிக் கையூன்றி எழுவார். இருமல் வந்தால் உள்ளங்கையால் தழும்பை அழுத்திக்கொள்வார். மலச்சிக்கல் வராமலிருக்கக் கீரையும் பப்பாளியும் அன்றாடம் உண்டு. புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் கண்டால், எந்த நேரமாயினும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது வீட்டார் அனைவருக்கும் மனப்பாடம். நெரிபட்ட குடல் விடியும்வரை காத்திராது.

இவையெல்லாம் பழகிவிட்டன. பழகாதது ஒன்றே. பேரன் ஓடிவந்து, "தாத்தா, தூக்கு!" என்று கையை நீட்டும்போது, மரத்துக்கு மரம் பால் வாளி சுமந்த அந்தக் கைகள் பின்வாங்குகின்றன. அவர் உடனே நாற்காலியில் அமர்ந்துகொள்வார். பிள்ளை தானே மடியில் ஏறிக்கொள்ளும். குழந்தைக்கு இதில் குறையொன்றும் தெரிவதில்லை. அவருக்குத் தெரிகிறது.

நான்காம் அறுவை செய்யலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் உடனே அன்று. சர்க்கரை குறைய வேண்டும். எடை குறைய வேண்டும். சிகரெட்டை அறவே விட வேண்டும். விடியற்காலைப் பனியில் மரம் சீவிய நாளில் தொற்றிய பழக்கம் அது. விட்டு எட்டு வாரம் ஆகிறது. மகன் அறுவை வேண்டும் என்கிறான். மனைவியோ, "இன்னொரு முறை அந்தக் கதவுக்கு வெளியே என்னால் உட்கார முடியாது" என்கிறார். அடுத்த மாதம் சர்க்கரையை மீண்டும் அளக்கப்போகிறார்கள். அவர் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டார். மனைவியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.